27 வயதில் தொடங்கியவரின் 3000 ஹிட்

ஜப்பானியப் பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசூகியைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இது: "இச்சிரோ 3000 ஹிட் அடித்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? கிரிக்கெட்டில் 3000 ரன் எத்தனையோ பேர் எடுக்கிறார்களே. அப்புறம் சிலர் 3000 என்கிறார்கள், சிலர் 4000-க்கும் மேல் என்கிறார்கள், எதுதான் சரி?"

இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் இரண்டில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் 3000 என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தைச் சொல்ல கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹிட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் ரன்னோடு ஒப்பிட்டால் கணக்கே தவறிவிடும். பிட்சர் வீசும் பந்தை மைதானத்துக்குள் அடிக்க வேண்டும், அதை யாரும் தரையில் படாமல் பிடித்துவிடக் கூடாது, பந்து முதல் பேஸுக்கு (ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் மூலைக்கு) வந்து சேருவதற்குள் நீங்கள் 90 அடி ஓடி அங்கே கால் வைத்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தால் ஒரு ஹிட். ஃபீல்டர் எளிதான பந்தைக் கை தவற விட்டதால் நீங்கள் தப்பித்திருந்தால் அது ஹிட் இல்லை. ஏற்கெனவே பேஸில் நிற்கும் உங்கள் அணிக்காரரை அவுட் ஆக்கலாம் என்று பந்தை அந்தப் பக்கம் வீசியதால் நீங்கள் பிழைத்திருந்தாலும் இல்லை. பிட்சர் நான்கு பந்தைக் குறி தவறி வீசி உங்களைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினாலும் இல்லை. இன்னொரு விஷயம், மைதானத்துக்கு வெளியே பறக்கும் ஹோம்ரனும் ஒரு ஹிட்தான், தட்டிவிட்டு ஓடிய சிங்கிளும் ஒரு ஹிட்தான். எண்ணிக்கையில் வித்தியாசமே கிடையாது.

ஒரு ஆட்டத்தில் ஒருவருக்கு நான்கு அல்லது ஐந்து முறைதான் பேட்டிங் வரும். பத்து முயற்சியில் மூன்று ஹிட் வந்தால் அவர் மிக நல்ல பேட்டர், அதாவது பத்தில் ஏழு தடவை தோற்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவதுதான் அந்த ஆட்டத்தில் வெற்றி. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். இதில் 200 ஹிட் அடிப்பதே அபூர்வம். அப்படியானால் 3000-க்கு ஒருவர் 15 வருடம் விடாமல் 200 அடிக்க வேண்டும், அல்லது 20 வருடம் விடாமல் 150 அடிக்க வேண்டும். காயம் படக் கூடாது, ஃபார்ம் போகக் கூடாது, அணியில் இடம் போகக் கூடாது. அமெரிக்காவில் நேஷனல் லீக் தொடங்கியது 1876-இல். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆடியிருக்கிறார்கள். 3000-ஐத் தொட்டவர்கள் என்று பார்த்தால் இச்சிரோ 30-வது ஆள். அவருக்குப் பின் ஏட்ரியன் பெல்ட்ரே 2017-இலும் ஆல்பர்ட் புஹோல்ஸ் 2018-இலும் மிகேல் கப்ரேரா 2022-இலும் வந்து சேர்ந்தார்கள்.

சரி, 33 பேர் தொட்ட எண்தானே, இவரை மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? அவர் எப்போது தொடங்கினார் என்று பாருங்கள்.

இச்சிரோ சுசூகி பிறந்தது 1973 அக்டோபர் 22, ஜப்பானில் நகோயாவை ஒட்டிய ஐச்சி மாகாணத்தில். அமெரிக்க மேஜர் லீக்கில் அவருடைய முதல் ஆட்டம் 2001 ஏப்ரல் 2, சியாட்டில் மாரினர்ஸ் அணிக்காக. அப்போது அவருக்கு 27 வயது தாண்டி ஐந்து மாதம். அவரைவிடச் சில மாதமே இளையவரான டெரிக் ஜீட்டர் நியூயார்க் யாங்கீஸில் தொடங்கியது 20 வயதில். இச்சிரோ அமெரிக்காவில் முதல் பந்தைச் சந்திக்கும் நாளில் ஜீட்டர் கணக்கில் ஏற்கெனவே 1008 ஹிட் இருந்தது, நான்கு உலகத் தொடர் கோப்பைகளும் இருந்தன. கப்ரேராவும் 20 வயதில் வந்தவர்தான். 3000 பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், இருபதை ஒட்டித் தொடங்கி நாற்பதை ஒட்டி முடித்தவர்கள். உடம்பு மிக வேகமாக இருக்கும் வயது எல்லாம் அவர்களுக்கு இந்தக் கணக்கில் சேர்ந்தது. இச்சிரோவுக்கு அந்த ஆறேழு வருடம் இல்லை. அந்த வருடங்களில் அவர் வேறு நாட்டில், வேறு கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்.

2001-இல் அவர் வரும்போது அங்கே நிலவிய சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து பிட்சர்கள் வந்து ஜெயித்திருந்தார்கள், ஹிடியோ நோமோ 1995-இலேயே அதைக் காட்டிவிட்டார். ஆனால் பிட்சர் அல்லாத ஒரு வீரர், அதுவும் ஒல்லியான உடம்போடு, தினமும் களம் இறங்கி அமெரிக்கப் பிட்சர்களின் வேகத்தைத் தாங்குவாரா என்று பலர் கேட்டார்கள். அந்தச் சீசன் முடிந்தபோது அவர் கணக்கு 242 ஹிட், சராசரி .350, அதாவது நூறு முயற்சியில் 35 ஹிட், அதோடு 56 திருட்டு பேஸ் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், அதே வருடம் அதே லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. இரண்டையும் ஒரே சீசனில் வாங்கியவர் அவருக்கு முன் 1975-இல் ஃபிரெட் லின் ஒருவர்தான். மாரினர்ஸ் அந்த வருடம் 116 ஆட்டம் ஜெயித்தது.

அப்புறம் பத்து வருடம் அதே வேகம். 242, 208, 212, 262, 206, 224, 238, 213, 225, 214. இந்த வரிசையை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். 2001-இலிருந்து 2010 வரை தொடர்ந்து பத்து சீசன் 200-க்கு மேல், இடையில் ஒரு வருடம்கூட விடாமல். அவருக்கு முன் அப்படித் தொடர்ச்சியாக யாரும் செய்ததில்லை. பத்து வருடமும் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடம், பத்து வருடமும் ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ். கூட்டிப் பாருங்கள், 2244 வரும். அதாவது 3000-இல் முக்கால் பங்கு அந்தப் பத்து வருடத்திலேயே வந்துவிட்டது. எல்லோரும் கொண்டாடுவது இந்தப் பகுதியைத்தான். எனக்கோ மீதியிருந்த 756 ஹிட்தான் இந்தக் கதையின் உயிர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர் எப்படி அடித்தார் என்பது. இச்சிரோ வலது கையால் வீசுபவர், இடது பக்கம் நின்று அடிப்பவர். சிறு வயதில் அவருடைய அப்பா அவரை இடது பக்கம் நிறுத்திப் பழக்கினார். பேஸ்பாலில் இடது பக்கம் நிற்பவருக்கு முதல் பேஸ் ஒன்றிரண்டு எட்டு பக்கம், அதோடு பேட்டைச் சுழற்றி முடிக்கும்போது உடம்பும் அந்தத் திசையிலேயே திரும்புகிறது. இச்சிரோ இதை எல்லை வரை கொண்டுபோனார். பந்து பேட்டில் படும் கணத்திலேயே அவர் உடம்பு ஓட ஆரம்பித்திருக்கும். நான்கு வினாடிக்குள் முதல் பேஸ். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பக்கம் மெதுவாக உருளும் பந்து மற்றவர்களுக்குச் சாதாரண அவுட், இவருக்கு அதில் பாதி ஹிட். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, நிமிர்ந்து, கால் ஊன்றி வீசுவதற்கு நேரம் இருக்காது, அவசரத்தில் தடுமாறுவார். இவர் வந்தால் உள்வட்ட ஃபீல்டர்கள் இரண்டு எட்டு முன்னால் வந்து நிற்பார்கள், அப்படி வந்து நின்றால் அவர்களைத் தாண்டிப் பந்தைக் கடத்துவது இன்னும் எளிது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்குச் சாதகம்.

இதை வைத்துத்தான் அவரைக் குறை சொன்னார்கள். "வெறும் சிங்கிள், வெறும் உள்வட்ட ஹிட், பலம் இல்லை" என்று. 2004-இல் அவர் அடித்த 262-இல் 225 சிங்கிள் என்பது உண்மை. ஆனால் பயிற்சி நேரத்தில் அவர் வரிசையாக வெளியே அடித்துத் தள்ளுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலம் இல்லாமல் இல்லை, ஹோம்ரனுக்குப் போனால் ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது) கூடும், சராசரி குறையும், தன் வேலை பேஸில் போய் நிற்பது என்று அவர் முடிவெடுத்திருந்தார். என்னைக் கேட்டால் அந்த முடிவைப் பதினெட்டு வருடம் மாற்றாமல் வைத்திருந்ததே பெரிய பலம்.

2004-ஐப் பற்றி ஒரு சேதி சொல்லியே ஆக வேண்டும். ஒரு சீசனில் அதிக ஹிட் என்ற சாதனை ஜார்ஜ் சிஸ்லர் பெயரில் 1920-இலிருந்து இருந்தது, 257. எண்பத்து நான்கு வருடம் யாரும் தொடவில்லை. இச்சிரோ அதை அக்டோபர் 1 அன்று சியாட்டிலில் தாண்டினார், சிஸ்லரின் மகள் அரங்கில் உட்கார்ந்திருந்தார், இச்சிரோ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். சிஸ்லர் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டம்தான், இச்சிரோவுக்கு 162, எனவே சிலர் அப்போதும் முணுமுணுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2009-இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போனபோது, இச்சிரோ தன் மனைவியோடு சிஸ்லரின் கல்லறையைத் தேடிப்போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார். தான் யாருடைய எண்ணைத் தாண்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆட்டத்தின் பழைய ஆட்களை அவர் அளவுக்கு மதித்த வீரர்கள் குறைவு. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பழைய பேட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அவர்.

இப்போது அந்த 756-க்கு வருகிறேன்.

2011-இல் 184 ஹிட். வேறு யாருக்காவது இருந்தால் அது நல்ல வருடம், இவருக்கு அது வீழ்ச்சி என்று எழுதினார்கள். வயது 37 முடிந்துகொண்டிருந்தது. மாரினர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. 2012 ஜூலை 23 அன்று அவரை யாங்கீஸுக்கு மாற்றினார்கள். அந்த மாலை ஆட்டமே சியாட்டிலில்தான், மாரினர்ஸுக்கும் யாங்கீஸுக்கும். காலையில் ஓர் அறையில் இருந்தவர் மாலையில் எதிர் அணி உடையில் வந்து நின்றார். முதல் முறை பேட்டிங் வந்தபோது அரங்கம் எழுந்து கைதட்டியது, தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார், அப்புறம் ஒரு சிங்கிள் அடித்தார். முதுகில் எப்போதும் இருந்த 51 என்ற எண்கூட அங்கே இல்லை. யாங்கீஸில் அந்த எண் பெர்னி வில்லியம்ஸோடு சேர்ந்தது என்பதால் இவர் 31 போட்டுக்கொண்டார்.

யாங்கீஸில் தினமும் இடம் கிடைக்கவில்லை. 2015-இல் மயாமி மார்லின்ஸுக்குப் போனார். அங்கே வெளிவட்டத்தில் ஜான்கார்லோ ஸ்டான்டன், கிறிஸ்டியன் யெலிச், மார்செல் ஒசூனா என்று மூன்று இளைஞர்கள். இவர் நான்காவது ஆள். தொடக்க வீரராக வாழ்நாள் முழுக்க இருந்தவர், ஆட்டத்தின் கடைசியில் பிட்சருக்குப் பதிலாக ஒரே ஒரு முறை பேட்டிங் பிடிப்பவராக மாறினார். இது எவ்வளவு கடினம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றைக்கு ஒரு பந்துகூடப் பார்க்காத கண்ணோடு போய், அந்த நாளின் மிக வேகமான ரிலீஃப் பிட்சரை (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வருபவரை) சந்திக்க வேண்டும். ஒரே வாய்ப்பு. அடிக்காவிட்டால் அடுத்தது நாளைக்கோ, மறுநாளைக்கோ. 2015-இல் அவர் சராசரி .229 ஆகிவிட்டது, அதுவரை அமெரிக்காவில் அவர் கண்டதிலேயே மோசமானது. 91 ஹிட். மொத்தம் 2935.

பலர் அங்கேயே முடிந்தது என்றார்கள். இன்னும் 65 வேண்டும், வயது 42, இடம் பெஞ்சில்.

2016-இல் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அந்த வருடம் அவர் சராசரி .291. காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. அவர் பெஞ்சில் இருந்த நாளிலும் தொடக்க வீரர் மாதிரியே தயாரானார். எல்லோருக்கும் முன்னால் அரங்குக்கு வருவது, தசைகளை நீட்டித் தளர்த்துவதற்கென்றே வாங்கி வைத்திருந்த தனி இயந்திரங்களில் பயிற்சி, கையுறையை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே துடைத்து எண்ணெய் போடுவது, பேட்டுகளை ஈரம் ஏறாத பெட்டியில் பாதுகாப்பது. அந்தப் பேட்டுகள் ஜப்பானில் செதுக்கியவை. ஈரம் ஏறினால் பேட் சில கிராம் கனத்துவிடும், அந்தச் சில கிராமைக்கூட அவர் விட மாட்டார். இதையெல்லாம் பார்த்துச் சிலர் சடங்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாத ஆட்டத்தில் தன் கையில் இருக்கும் விஷயங்களை எல்லாம் சரியாக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஜூலை கடைசியில் 2998-க்கு வந்துவிட்டார். அங்கே நின்றுவிட்டது. இரண்டே இரண்டு ஹிட், வரவில்லை. பெஞ்சிலிருந்து வருபவர் என்பதால் தினமும் நான்கு வாய்ப்பும் கிடையாது. அணியின் ஊரான மயாமியில் முடித்துவிட வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள், அது நடக்கவில்லை, அணி வெளியூர் கிளம்பிவிட்டது. கொலராடோ, டென்வர் நகரம், கூர்ஸ் ஃபீல்ட். அங்கே 2999 வந்தது.

2016 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்று மேலாளர் டான் மாட்டிங்லி அவரைத் தொடக்கத்திலேயே இறக்கினார். ஏழாவது இன்னிங்ஸ். எதிரே கொலராடோ ராக்கீஸின் இடக்கைப் பிட்சர் கிறிஸ் ரூசின். இச்சிரோ வழக்கம்போல் வலது கையில் பேட்டை நீட்டிப் பிட்சரை நோக்கிப் பிடித்து, இடது கையால் தோள்பட்டைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பந்து வலது பக்கம் உயரமாகப் பறந்தது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெல்லியது, பந்து அங்கே கூடுதல் தூரம் போகும், ஒரு கணம் வெளியே போய்விடும் என்றே தோன்றியது. சுவரில் மோதித் திரும்பியது. இச்சிரோ ஓடிக்கொண்டே இருந்தார். முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ். ட்ரிபிள்.

3000-வது ஹிட்டை ட்ரிபிளாக அடித்தவர் அவருக்கு முன் ஒருவர்தான், 1996-இல் பால் மொலிட்டர். ஹோம்ரனாக அடித்தவர்கள்கூட மூன்று பேர் இருந்தார்கள்: 1999-இல் வேட் பாக்ஸ், அதுவும் இதே ஆகஸ்ட் 7, அப்புறம் 2011-இல் ஜீட்டர், 2015-இல் அலெக்ஸ் ரோட்ரிகஸ். பேஸ்பாலில் ட்ரிபிள்தான் கால்களின் ஹிட், அடித்துவிட்டு நின்று பார்த்தால் அது டபுளாகவே முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்க ஓடியே ஹிட் சேர்த்த ஒருவர், 42 வயதில், 270 அடி ஓடி இந்த எண்ணைத் தொட்டார் என்பது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது பேஸில் அவர் நின்றபோது மார்லின்ஸ் அணி மொத்தமும் டக்அவுட்டிலிருந்து (வீரர்கள் உட்காரும் இடத்திலிருந்து) ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. எதிரணி ஊர், எதிரணி ரசிகர்கள், அவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, டக்அவுட்டில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவரைக் கேமரா காட்டியது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் வழிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவர் சொன்னதன் சாரம் இது: எண் பெரிதாகத் தெரியவில்லை, சக வீரர்கள் ஓடி வந்ததும் ரசிகர்கள் மகிழ்ந்ததும்தான் பெரிது, அவர்கள் இல்லாவிட்டால் இதுவும் மற்றொரு ஹிட் மாதிரிதான். சம்பிரதாயத்துக்குச் சொல்லும் பேச்சு என்று யாராவது நினைத்தால் அந்தக் கண்ணீரைப் பார்க்கட்டும். பதினைந்து வருடத்துக்கு முன் மொழி தெரியாத நாட்டுக்கு வந்தவரை, இளைஞர்களின் இடத்துக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை, அந்த இளைஞர்களே ஓடி வந்து கட்டிப்பிடித்த தருணம் அது.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. 4000 எப்படி வருகிறது?

அமெரிக்கா வருவதற்கு முன் அவர் ஜப்பானில் ஓரிக்ஸ் புளூவேவ் அணிக்காக 1992-இலிருந்து 2000 வரை ஆடினார், அங்கே 951 ஆட்டத்தில் 1278 ஹிட். தொடக்கத்தில் அங்கேயும் சிரமப்பட்டார். முன்காலை ஊசல் மாதிரி ஆட்டி அடிக்கும் அவருடைய முறை அப்போதைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை, கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 1994-இல் அகிரா ஓகி மேலாளராக வந்தார். அவர் அந்த முறையை மாற்றச் சொல்லாமல் அப்படியே ஆட விட்டார், சட்டையின் முதுகில் சுசூகி என்று இல்லாமல் இச்சிரோ என்றே எழுத வைத்தார். அதே வருடம், 130 ஆட்டம் மட்டுமே கொண்ட சீசனில், 210 ஹிட். ஜப்பானில் 200-ஐத் தாண்டிய முதல் ஆள். அன்றிலிருந்து ஏழு வருடம் தொடர்ந்து லீக்கின் பேட்டிங் முதலிடம்.

இந்த 1278-ஐ அமெரிக்கக் கணக்கோடு கூட்டினால் 2013 ஆகஸ்டில் 4000 வந்தது. 2016 ஜூன் 15 அன்று சான் டியேகோவில் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹிட் அடித்து 4257 ஆனது. அமெரிக்காவில் அதிக ஹிட் அடித்தவர் பீட் ரோஸ், 24 சீசனில் 4256. எனவே உலகத்திலேயே அதிகம் இச்சிரோதான் என்று ஜப்பானியப் பத்திரிகைகள் எழுதின. ரோஸுக்கு அது பிடிக்கவில்லை, இப்படியே போனால் பள்ளிக்கூடத்தில் அடித்ததையும் எண்ணுவார்கள் என்ற பொருளில் பேசினார்.

ரோஸ் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு லீக்கும் ஒன்றல்ல, பிட்சர்களின் தரம் ஒன்றல்ல, மைதான அளவும் ஒன்றல்ல. அதிகாரப்பூர்வச் சாதனை ரோஸுடையதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, இச்சிரோவும் தன்னுடையதுதான் பெரியது என்று உரிமை கொண்டாடியதில்லை. ஆனால் பள்ளிக்கூட ஒப்பீடு தவறு, மிகத் தவறு. அதற்குக் கணக்கே சாட்சி. ஜப்பானில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.34 ஹிட். அமெரிக்காவில் முதல் பத்து வருடம் 1588 ஆட்டத்தில் 2244, அதாவது ஆட்டத்துக்கு 1.41. ஜப்பானில் அவர் முழுதாக ஆடாத முதல் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் வரும். ஜப்பானில் அடித்ததெல்லாம் தரம் குறைந்த பந்து என்றால், அமெரிக்கா வந்ததும் எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டுமே? சரியவில்லை. அதோடு அன்றைய ஜப்பான் சீசன் குட்டையானது, 130 முதல் 135 ஆட்டம். 20 வயதிலேயே அவர் சியாட்டிலில் இருந்திருந்தால் வருடத்துக்குக் கூடுதலாக இருபத்தைந்து, முப்பது ஆட்டம் கிடைத்திருக்கும்.

ஆனாலும் அந்தக் கூட்டல் தேவையில்லை என்பதுதான் என் நிலை. 4257 என்றதும் பேச்சு ரோஸ் பக்கம் போய்விடுகிறது, எந்த லீக் பெரியது என்ற சண்டை ஆகிவிடுகிறது. இச்சிரோ என்ன செய்தார் என்பது அந்தச் சத்தத்தில் காணாமல் போகிறது. 3000-இல் அந்த வழக்கே கிடையாது. எல்லாமே மேஜர் லீக் பிட்சர்களிடம், மேஜர் லீக் மைதானத்தில் அடித்தவை. யாரும் ஒரு ஹிட்டைக்கூடக் கழிக்க முடியாது. அதுவும் 27 வயதுக்குப் பிறகு. ரோஸ் 3000-ஐத் தொட்டதும் தன் 16-வது சீசனில்தான், 1978-இல். இச்சிரோவும் 16-வது சீசனில். ஒருவர் 22-ஐ எட்டும்போது தொடங்கியவர், இன்னொருவர் 27-இல் தொடங்கியவர். இந்த ஒரு ஒப்பீடு போதும், ஜப்பான் கணக்கை இழுக்கவே வேண்டாம்.

கிரிக்கெட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள் இல்லையா. 3000 ஹிட்டை 3000 ரன்னோடு வைக்காதீர்கள். கிரிக்கெட்டில் ஒரு நல்ல நாளில் ஒருவர் இருநூறு ரன் எடுத்து, அடுத்த நான்கு தோல்விகளை மறைத்துவிடலாம். பேஸ்பாலில் அப்படி ஒரு நாள் கிடையவே கிடையாது. எவ்வளவு அருமையான நாளிலும் பெரும்பாலும் நான்கைந்து ஹிட்தான் உச்சம். அடுத்த நாள் மறுபடி சுழியத்திலிருந்து. சீசனில் ஆறு மாதம் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், விடுப்பு நாள் மிகக் குறைவு. ராபர்ட்டோ கிளமென்டே 1972 செப்டம்பர் 30 அன்று சரியாக 3000-வதை அடித்தார், அந்த வருடத்தின் கடைசி நாளில், நிலநடுக்கத்தில் தவித்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அவர் பெயருக்கு எதிரே இன்றும் 3000 என்றுதான் நிற்கிறது. அந்த எண்ணைக் கேட்டால் பேஸ்பால் ரசிகர்கள் ஒரு கணம் அமைதியாவதற்கு அவரும் ஒரு காரணம்.

3000-க்குப் பிறகு இச்சிரோ நிறுத்தவில்லை. 2016-ஐ 3030-இல் முடித்தார். 2017-இல் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே வந்து 50 ஹிட், அதில் 27 பதிலி பேட்டராக அடித்தவை, ஒரு சீசன் சாதனைக்கு ஒன்று குறைவு. 2018-இல் மறுபடி சியாட்டில், அங்கே ஒன்பது. மொத்தம் 3089. 2025-இல் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு 394 வாக்கில் 393 வாங்கித் தேர்வானார். அந்த ஒரு வாக்கைத் தராதவரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து குடிக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய கடைசி ஆட்டம் 2019 மார்ச் 21, டோக்கியோ டோமில், ஓக்லண்ட் அணிக்கு எதிராக. வயது 45. அன்று ஹிட் எதுவும் வரவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் கடைசி முறையாக வந்தார், ஷார்ட்ஸ்டாப் பக்கம் ஒரு பந்தை உருட்டிவிட்டார், பதினெட்டு வருடமாக அவர் ஹிட் ஆக்கிக்கொண்டிருந்த அதே மாதிரிப் பந்து. மார்க்கஸ் செமியன் எடுத்து வீசினார். இச்சிரோ தலையைக் குனிந்துகொண்டு முழு வேகத்தில் ஓடினார். மயிரிழையில் அவுட்.